வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புச் சேவையின் தரத்தை முன்கூட்டியே எப்படி அறிவது?

காலிவீதி எழுதியது:

வணக்கம். என் தந்தையாருக்கு 76 வயது. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முள்ளந்தண்டுக்கும் பரவிவிட்டது. மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் நான்கு தடவை மருந்து ஏற்றிய பிறகு, இனி ஏற்றினால் நோயைவிட மருந்தே அவரை அதிகம் வருத்தும் என்றும், வலியில்லாமல் வைத்திருப்பதே இனிச் செய்யக்கூடியது என்றும் வைத்தியர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் இயலாது. தங்கை கனடாவில். நான் காலை ஏழரைக்கு வேலைக்குப் புறப்பட்டால் திரும்ப இரவு ஏழு மணியாகும்.

உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், வீட்டுக்குத் தாதியரை அனுப்புவதோடு ஆறு கட்டில்கள் கொண்ட ஹொஸ்பிஸ் (அந்திமகாலப் பராமரிப்பு) இல்லம் ஒன்றையும் நடத்தும் தனியார் சேவை ஒன்றைக் கடந்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். துப்புரவான இடம், குளிரூட்டிய அறைகள், முற்றத்தில் அரலிச் செடிகள். முகாமையாளர் தேநீர் தந்து மிக இனிமையாகப் பேசினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் மாதக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் தவிர வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை என்பது உறைத்தது. எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய சேவை ஒன்று நல்லதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே அறிய வழி உண்டா? ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்கு நோயின் பெயர் தெரியாது. எலும்புத் தேய்மானம் என்றே சொல்லி வைத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, அரச சேவையில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் புற்றுநோய் விடுதியில் கழிந்தன. கட்டடத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். முதற் கேள்வி மோர்பின் என்ற கடும் வலிக்கான மருந்தைப் பற்றியதாக இருக்கட்டும்: அதை எழுதித் தரும் வைத்தியர் யார், மருந்து எங்கிருந்து வருகிறது, இரவு இரண்டு மணிக்கு வலி ஏறினால் வீட்டில் கொடுப்பதற்கு என்ன இருக்கும். மோர்பின் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்து. காலி வீதியில் எந்த மருந்தகத்திலும் நினைத்தவுடன் வாங்க முடியாது. ஆகவே மகரகம கிளினிக்குடன் தொடர்பைத் துண்டிக்காமல், அங்கிருந்து வரும் மருந்து முடிவதற்கு முன்னரே அடுத்ததை ஒழுங்கு செய்யத் தெரிந்த சேவையே உங்களுக்குப் பயன்படும். இதற்கு அவர்கள் தடுமாறினால், அரலிச் செடிகளை மறந்துவிட்டு வேறிடம் பாருங்கள்.

வலி வந்த பிறகு கொடுப்பதா, வருமுன்னரே நேரம் பார்த்துக் கொடுப்பதா என்றும் கேளுங்கள். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் வலியுறுத்திய முக்கியமான விடயம் இதுதான்: நோயாளி கெஞ்சும் வரை காத்திருக்கக் கூடாது, முந்திய வேளையின் பலன் குறையுமுன் அடுத்த வேளை உள்ளே போய்விட வேண்டும். சாதாரண மோர்பின் நான்கு மணிக்கொரு தடவை கொடுக்கப்படும். இடையில் வலி பீறிட்டால் கொடுப்பதற்கென்று, ஒரு நாளின் மொத்த அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தனியாக எழுதப்பட்டிருக்கும். இதைக் கேட்டதும் ஒரு தாதி தயங்காமல் விளக்கினால், அவர் இந்த வேலையைச் செய்து பார்த்தவர். முதல் நாளிலேயே மலமிளக்கியும் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மோர்பினால் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாட்களில் பழகிவிடும். மலச்சிக்கல் ஒருபோதும் பழகாது. மலமிளக்கி இல்லாத மோர்பின் சீட்டைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

உங்கள் தந்தையாரின் நிலைக்கென்று தனியாக ஒன்று. முள்ளந்தண்டில் நோய் இருப்பவருக்குத் திடீரென்று கால்கள் சோர்ந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, முதுகுவலி திடுமெனக் கூடினாலோ அது முள்ளந்தண்டு வடம் நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்திமகாலம் என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. மணித்தியாலங்களுக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் கால்களைக் காப்பாற்ற வாய்ப்புண்டு, தாமதித்தால் மிச்ச நாட்கள் முழுவதும் படுக்கைதான். இதை நீங்கள் கேட்காமலே உங்களுக்குச் சொல்லித் தருகிறார்களா என்று கவனியுங்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையே பலருக்கு வலியைக் கணிசமாகக் குறைக்கும் என்பதும், அதற்காக மகரகமவுக்கு ஒருநாள் போய்வருவது வீண் அலைச்சல் ஆகாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாறாக, போன உடனேயே ஒட்சிசன் உருளையை வாடகைக்கு எடுக்கச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறையாதவருக்கு உருளையால் பெரிய ஆறுதல் கிடைப்பதில்லை; முகத்துக்கு நேரே பிடித்த சிறு கைமின்விசிறியும் குறைந்த அளவு மோர்பினும் மூச்சுத்திணறலைத் தணிப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு பரீட்சை. அவர்கள் 24 மணிநேரம் என்று தரும் தொலைபேசி எண்ணுக்கு ஒரு வார நாளில் நள்ளிரவு தாண்டி ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். இது அநாகரிகம் என்று நினைக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அம்மாவின் இறுதி ஏழு வாரங்களுக்கு ஒரு முகவர் நிலையத்திடமிருந்து ஆள் எடுத்தோம். விளம்பரத்தில் தாதி என்றே இருந்தது. வந்தவர்கள் பராமரிப்பாளர்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவற்றில் அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன்; அம்மாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. ஆனால் ஊசி போடவோ மருந்தின் அளவைக் கூட்டுவது பற்றி முடிவெடுக்கவோ அவர்களுக்குத் தகுதியும் இல்லை, அனுமதியும் இல்லை. தாதியர் சபையில் பதிவு பெற்றவர் எத்தனை பேர், அவர் வாரத்தில் எத்தனை தடவை நேரில் வருவார் என்பதை எழுத்தில் கேட்காதது எங்கள் பிழை.

அதைவிட நோகடித்தது மொழி. அம்மாவுக்குச் சந்தைச் சிங்களம் தெரியும், அவ்வளவுதான். பிள்ளை நல்ல பிள்ளை, ஒவ்வொரு வேளையும் குனிந்து "ரிதெனவத அம்மே?" (வலிக்கிறதா அம்மா?) என்று சிங்களத்தில் அன்பாகக் கேட்பார். அம்மா யாரையும் சிரமப்படுத்தாத பழக்கத்தில் புன்னகைத்துத் தலையை அசைப்பார். ஒன்பது நாட்களுக்குக் குறிப்புப் புத்தகத்தில் வலி இல்லை என்றே எழுதப்பட்டிருந்தது. வத்தளையிலிருந்து பெரியம்மா வந்து பக்கத்தில் இருந்து கதைத்தபோதுதான், "உள்ளுக்கு எரியுது அக்கா, மின்சாரம் அடிச்ச மாதிரிக் கால் வழியாகப் போகுது" என்று அம்மா சொன்னார்.

இரவில் மரணம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே கேளுங்கள். அம்மா அதிகாலை மூன்றரைக்குக் காலமானார். சிகிச்சை அளித்த வைத்தியர் வந்து மரணத்தின் காரணத்தை எழுதித் தந்தால் பதிவு சிக்கலில்லாமல் முடியும். அப்படி எவரும் இல்லாவிட்டால் திடீர் மரண விசாரணை அதிகாரி, பொலிஸ் என்று அந்த வேளையில் அலைய நேரிடும். எங்கள் முகவர் நிலையம், அது தங்கள் பொறுப்பில்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டது. ஒரு மாத முற்பணம் கட்டி ஐந்தாம் நாள் அம்மா போனார். மிச்சத்தைத் திருப்பித் தரவில்லை. பணத்துக்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

பழைய கணக்காளர் எழுதியது:

எல்லோரும் மன்னிக்க வேண்டும். எங்கள் காலத்தில் தாய் தகப்பனைப் பிள்ளைகள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது கடைசி மூச்சையும் ஒப்பந்தத்தில் கொடுக்கிறோம். அது ஒருபுறம் இருக்க, தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தும் சபையும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழ் நடப்பாண்டுக்குரியதா என்று பார்த்தால் போதாதா? இவ்வளவு விசாரணை எதற்கு?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

ஐயா, சான்றிதழை நிச்சயமாகப் பார்க்க வேண்டும். அதைக் காட்டத் தயங்குபவரிடம் மேலே பேசவே வேண்டாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு யார் வருவார் என்று அதில் எழுதியிருக்காது. பிள்ளைகள் பார்ப்பது பற்றி: கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் அயலவரையும் குடும்பத்தையும் பயிற்றுவித்து வீட்டிலேயே பராமரிப்பதைத்தான் வழியாக்கியது. குடும்பம் பார்ப்பதற்கு எதிரானதல்ல இது. அன்பிருக்கிறது என்பதற்காக மகனுக்கு மோர்பின் அளவு தெரிந்துவிடாது.

கொட்டாஞ்சேனைக்காரி சொன்ன எரிவு பற்றி ஒரு வார்த்தை. குத்து, உளைவு என்று சொல்வது ஒரு வகை; எரிவு, விறுவிறுப்பு, மின்சாரம் அடிப்பது என்று சொல்வது பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு மோர்பினோடு அமிட்ரிப்டிலின், கபபென்ரின் போன்ற வேறு மருந்தும் தேவைப்படும். நோயாளி தன் மொழியில் சொல்லாவிட்டால் அந்த வேறுபாடே தாதிக்குக் கிடைக்காது. கொழும்பில் ஒரு சேவையின் தரத்தை அளக்க இதைவிடக் கூர்மையான கேள்வி எனக்குத் தெரியவில்லை: அப்பாவிடம் தமிழில் பேச உங்களிடம் யார் இருக்கிறார், அவர் எந்தக் கிழமைகளில் வருவார்?

கடல்கடந்தவர் எழுதியது:

நான் அமெரிக்காவில் ஒரு ஹொஸ்பிஸ் சேவையில் நிர்வாகப் பக்கத்தில் வேலை செய்கிறேன், ஊர் பம்பலப்பிட்டி. இங்கே 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதியோருக்கான அரச காப்புறுதியே ஹொஸ்பிஸ் செலவை ஏற்கிறது. நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்று இரண்டு வைத்தியர்கள் சான்று தர வேண்டும். அந்த முறையை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் தரத்தை அளக்க இங்கே வைத்திருக்கும் அளவுகோல்களில் சிலவற்றைக் கேள்விகளாக இரவல் வாங்கலாம்.

அவற்றில் ஒன்று, நோயாளியின் வாழ்வின் கடைசி மூன்று நாட்களில் குறைந்தது இரண்டு நாட்களிலாவது பதிவு பெற்ற தாதியோ சமூக சேவையாளரோ நேரில் போனாரா என்பது. தொலைபேசியில் விசாரித்தது கணக்கில் சேராது. இன்னொன்று, மரணத்துக்குச் சில மாதங்களின் பின்னர் குடும்பத்தினருக்கு அனுப்பப்படும் வினாக்கொத்து. மாலைகளிலும் வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் கேட்ட உதவி கிடைத்ததா, நோயாளியைப் பராமரிக்க உங்களுக்குக் கற்றுத் தந்தார்களா என்றெல்லாம் அது கேட்கும். மரணத்தின் பின் ஓராண்டு வரை குடும்பத்தின் துயரத்துக்கு ஆதரவளிக்க வேண்டும் என்பதும் விதி. விதி இருந்தும் இங்கே மோசமான சேவைகள் இல்லாமல் இல்லை என்பதைக் கூச்சத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

ஆகவே தம்பி, அந்த முகாமையாளரிடம் இப்படிக் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பராமரிப்பில் இறந்த ஒருவரின் வீட்டாருடன், அவர்கள் சம்மதித்தால், பேச முடியுமா? இப்போது பராமரிப்பில் இருப்பவரின் வீட்டார் குறை சொல்லத் தயங்குவார்கள். எல்லாம் முடிந்துபோன வீட்டார் உள்ளதைச் சொல்வார்கள்.

காலிவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்களாக எழுத முடியாமற் போனது.

தாதி அக்கா சொன்னபடி ஒரு புதன்கிழமை இரவு ஒன்றேகால் மணிக்கு அந்த 24 மணிநேர எண்ணுக்கு அழைத்தேன். இரண்டு தடவை எவரும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தவர் வாசற் காவலாளி. தாதியிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டார், காலை ஏழு மணிக்கு எடுங்கள் என்றார். காவலாளி மரியாதையான மனிதர். அதற்கு மேல் அங்கே கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு மகரகம கிளினிக்கிலேயே நோய்த்தணிப்புப் பிரிவில் விசாரித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். புற்றுநோய்ச் சங்கம் மகரகமவில் நடத்தும் சாந்த செவன ஹொஸ்பிஸைப் பற்றிச் சொன்னார்கள். ஆனால் அப்பாவை அம்மாவிடமிருந்து பிரிக்க எங்களுக்கு மனமில்லை. வீட்டுக்கு வரும் சிறிய குழு ஒன்றின் தொடர்பும் அங்கேதான் கிடைத்தது. ஒரு வைத்தியர், பதிவு பெற்ற மூன்று தாதியர், ஒரு சாரதி, அவ்வளவே. அலுவலகம் ஒரு பழைய வீட்டின் முன்னறை. அவர்களுக்கும் இரவில் அழைத்தேன். தூக்கக் கலக்கத்தோடு ஒரு தாதி எடுத்து, முதலில் நோயாளியின் பெயரைக் கேட்டார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது சிரித்தார்.

உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். மலமிளக்கியைப் பற்றி நான் வாயெடுக்குமுன் அவர்களே சொன்னார்கள். கால் சோர்வதைப் பற்றியும் சொன்னார்கள். தமிழ் பேசும் தாதி ஒருவர்தான். வாரத்தில் மூன்று நாள் வருவார், மற்ற நாட்களில் தொலைபேசியில் அப்பாவிடம் நேரே பேசுவார் என்றார்கள். இறந்தவரின் வீட்டாருடன் பேசுவதற்கு மட்டும் அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தரங்கம் கருதி மறுத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், ஆயினும் முழுத் திருப்தி இல்லை.

அந்தத் தாதி முதல் நாள் வந்து, எங்களை வெளியே அனுப்பாமலே அப்பாவிடம், "உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் ஐயா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பா சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "எலும்புத் தேய்மானத்துக்கு மகரகமவுக்கு அனுப்ப மாட்டார்கள், பிள்ளை" என்றார். ஏழு மாதமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். இனி ஒரு வாக்குவாதம் வரும்; இப்போதே அம்மாவிடமும் கனடாவிலுள்ள தங்கையிடமும் பேசி வையுங்கள். கடைசி நாட்களில் அப்பா சாப்பாட்டைத் தள்ளுவார். உறவினர் வந்து, சேலைன் ஏற்றாமல் பட்டினி போடுகிறீர்களே என்பார்கள். உடல் தன் இயக்கத்தை மூடத் தொடங்கிய பிறகு ஏற்றும் சேலைன் பசியைத் தீர்ப்பதில்லை. கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டிவிடுவதுண்டு. வாயை ஈரமாக வைத்திருப்பதே அப்போதைய உணவு. தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், மூச்சு நின்று நின்று வரும். பார்ப்பவருக்குக் கொடுமையாக இருக்கும், அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. நல்ல குழு இதையெல்லாம் நிகழுமுன்னரே உட்கார்ந்து சொல்லும். அந்த வேளையில் 1990 என்ற தொலைபேசி எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழைப்பதா, குழுவை அழைப்பதா என்பதை ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

நான்காம் மாடி என்றீர்கள். லிப்டின் உள்ளகலத்தை இன்றே அளந்து பாருங்கள். எங்களுடையதில் தூக்குக்கட்டில் போகவில்லை. அம்மாவைக் கதிரையில் இருத்தி இறக்கினோம். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

காலிவீதி எழுதியது:

அப்பா சென்ற மாதம் எட்டாம் தேதி இரவு வீட்டில் காலமானார். இவ்வளவு எழுதியவர்களுக்கு முடிவைச் சொல்லாமல் விடக் கூடாது.

இரவு பத்தரைக்கு மூச்சு மாறியபோது அழைத்தேன். ஐம்பது நிமிடத்தில் தாதி வந்துவிட்டார், சுண்ணாகத்துப் பிள்ளை. தோலின் கீழ் ஊசி போட்ட பிறகு கரகரப்புக் குறைந்தது. அம்மா தேவாரம் படிக்க, தங்கை கனடாவிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குச் சற்று முன்னர் எல்லாம் அடங்கியது. காலையில் வைத்தியர் வந்து சான்று எழுதித் தந்தார். குறை ஒன்றும் இருந்தது: இடையில் ஒரு ஞாயிறு மோர்பின் தீர்ந்து, திங்கள் காலை வரை மிச்சமிருந்த இரண்டு குளிசைகளோடு நாங்கள் தவித்தோம். அதை அவர்களிடமே சொன்னேன். தங்கள் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் அதே தாதி வந்து, மீதி மோர்பினை எண்ணிப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு, அம்மாவோடு ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். மீதிப் பணம் அடுத்த வாரம் வங்கியில் வந்தது. லிப்டை அளந்தேன், போதியதாக இருந்தது.

நாங்கள் வாங்கிய காற்று மெத்தை நல்ல நிலையில் இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதியில் தேவைப்படுவோர் தனிமடலில் எழுதினால் இலவசமாக எடுத்துச் செல்லலாம், பம்பியும் உண்டு.